இரண்டு மணிக்கு மேல் சாப்பாடு இல்லை

முன்னால் போகும் டிராக்டர் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அதன் பெட்டியில் குவிந்திருக்கும் கறுப்புத் திராட்சையிலிருந்து சாறு ஒழுகி, தார்ச்சாலையில் பளபளவென்று ஒரு கோடு போட்டுக்கொண்டே போகிறது. குளவிகள் அதன்மேல் தாழப் பறக்கின்றன. இருபுறமும் திராட்சைத் தோட்டம், முந்த வழியில்லை. என் கணவன் ஒரேலியன் ஸ்டியரிங்கைக் குத்துகிறான்.

"இன்னும் ஒரே ஒரு ஒயின் நிலவறை பாத்துட்டுச் சாப்பிடலாம்னது யாரு?" என்கிறேன். "அதையே பிடிச்சுத் தொங்காத." ஹாரனை விடாமல் அழுத்துகிறான். டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டுகிறார். வேகம் இன்னும் குறைகிறது.

ஊருக்குள் நுழையும்போது தேவாலய மணி இரண்டு அடிக்கிறது. அங்கிருக்கும் ஒரே உணவகத்தின் வாசலில்தான் டிராக்டரும் போய் நிற்கிறது. உள்ளே மேசைத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கும் அம்மாள் எங்களைப் பார்த்ததும், "ரெண்டு மணி ஆச்சு. அடுப்ப அணைச்சாச்சு" என்கிறாள். இந்த நாட்டில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. அதற்குள் டிராக்டர்காரர் எங்களைத் தாண்டிப் போய் உட்கார்கிறார். ஆவி பறக்கும் முயல்கறி அவர் முன்னால் வந்து இறங்குகிறது. வெங்காயமும் ஒயினும் சேர்ந்த அந்த வாசனை நாங்கள் நிற்கும் இடம்வரை வருகிறது.

"அவருக்கு மட்டும் உண்டா?" என்று ஒரேலியன் கத்துகிறான்.

"அவர் என் வீட்டுக்காரருங்க. அறுவடை சமயத்துல தினமும் அவருக்குப் பின்னால எவனாவது ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவான். அந்தச் சத்தம் கேட்டதும் கறியைச் சூடு பண்ணி வெச்சுருவேன்."