பைக்குள் ஒரு சோற்றுப்பொதி

முதல் குற்றம்: ஓண விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனைக்குக் கொண்டுபோன சோற்றுப்பொதிகளில் ஒன்றை ரிஜிஷா தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது: டீச்சர் கேட்டபோது, "இது என்னோடதுதான்" என்று பொய் சொன்னாள்.

மூன்றாவது: அடுத்த ஞாயிறும் அதையே செய்தாள்.

நான்காவது: இன்று காலை மறுபடியும். கூட வந்த பிள்ளைகளே பார்த்துவிட்டார்கள்.

வரிசை மாறாமல் சொல்லி முடித்த பாஸ்கரக் குறுப்பு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் அவர். ஊரின் அரிசி ஆலையும் அவருடையதுதான்.

ஞாயிறுதோறும் எங்கள் பள்ளியின் சேவைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சோற்றுப்பொதி வாங்குவார்கள். வாழையிலையில் சோறு, அதன்மேல் பழைய செய்தித்தாள். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகக் கிடப்பவர்களுக்கு அது மத்தியானச் சாப்பாடு.

பிள்ளைகள் திரும்பி வந்த கையோடு பெற்றோர் சங்கக் கமிட்டியைக் கூட்டிவிட்டார் குறுப்பு. கமிட்டிக்காரர்கள் நாங்கள் வகுப்பறை பெஞ்சுகளில் இருந்தோம். ரிஜிஷா கரும்பலகை ஓரம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரி வராந்தால பசியோட கிடக்கிறவன் சோறு. அதுல கை வெச்சது சாதாரணத் திருட்டா டீச்சர்? சேவைக் குழுவுலேர்ந்து இவ பேரை எடுத்துடுங்க."

சேவைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான பிரமீளா டீச்சரின் குரல் இறங்கியது. "பேரை எடுத்தா சேவைக்குக் கிடைக்கிற கிரேஸ் மார்க் போயிடும் குறுப்பேட்டா. நர்சிங் சேரணும்னு ஆசையா இருக்கா."

"திருடிக்கு எதுக்கு நர்சிங்? நோயாளி வளையலைக் கழட்டவா? இவ அம்மா மீன் கம்பெனிலதானே? மடியில எவ்வளவு எறால் போகுதுன்னு அங்கேயும் கேட்டுப் பாருங்க."

"வாயை அடக்குங்க குறுப்பே" என்றேன். மீன் கம்பெனித் தொழிற்சங்கத்துக்காரன் நான்; ஊருக்குச் சகாவு, அதாவது தோழர்.

"வந்துட்டாரு சகாவு! உங்க ஆளுங்கன்னா உடனே கொடியைத் தூக்கிடுவீங்களே. முதல்ல அந்தப் பையைத் தொறங்க, பாக்கலாம்."

"கம்பெனி கேட்டுல தொழிலாளி பையைத் துழாவக் கூடாதுன்னு போலீஸ்கிட்ட அடி வாங்கினவங்க நாங்க. இந்தப் பொண்ணு பைமேல யார் கையும் படாது."

"அப்ப அவளே தொறக்கட்டும். ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா தொறக்கலாமே?"

ரிஜிஷா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார்.

பையிலிருந்து எடுத்த பொதியை மேசைமேல் வைத்துப் பிரித்தாள்.

நாற்றம் வகுப்பறை முழுக்கப் பரவியது. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சோறு நூல்விட்டுப் போயிருந்தது. பழைய மீன் குழம்பு ஒரு மூலையில் நுரைத்திருந்தது.

"இதையாடி திருடினே?"

"திருடலை டீச்சர். மாத்தினேன். அம்மா எனக்குக் கட்டிக்குடுத்த பொதியை ஆஸ்பத்திரிக்குப் போற பெட்டியில வெச்சுட்டு, இதை எடுத்துக்கிட்டேன். அதான் என்னோடதுன்னு சொன்னேன்."

"சும்மா தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"ஒண்ணு குறைஞ்சா, வரிசையில கடைசியா நிக்கிறவங்களுக்குக் கிடைக்காதே டீச்சர்."

"அப்ப நீ என்ன சாப்பிட்டே?"

வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன ரிஜிஷா?"

"ஓணத்துக்கு முன்னாடி ஒரு அம்மா இதே வீட்டுப் பொதியைப் பிரிச்சாங்க டீச்சர். நான்தான் குடுத்தேன். மோந்து பாத்தாங்க. என்னை நிமிந்து பாத்தாங்க. அப்புறம் ஒண்ணுமே சொல்லாம சாப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுப் பொதியை நான் யாருக்கும் குடுக்கலை. வெளியில சொன்னா அந்த வீட்டை ஊரே பேசும். அடுத்த வாரமாவது நல்லதா குடுப்பாங்கன்னு நினைச்சேன்."



முதலாளிகள் காற்று வீசும் பக்கம் திரும்பும் வேகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். குறுப்பு மேசையில் ஓங்கி அடித்துக்கொண்டு எழுந்தார்.

"எந்த வீடு அது? நாய்கூடத் தொடாததை நோயாளி சனத்துக்குக் கட்டிக் குடுத்த மகாபாவி யாரு? சொல்லு!"

"வேண்டாம். விட்டுடுங்க. என் பேரை வேணும்னா எடுத்துடுங்க."

"நீ என்ன சொல்றது? பேப்பர்லயே இருக்குமே!"

இருந்தது. எந்தத் தாள் எந்த வீட்டுக்கு என்று தவறிப்போகாமல் இருக்க, எங்கள் ஊர் பேப்பர் ஏஜென்ட் ஒவ்வொரு தாளின் தலையிலும் வீட்டுப் பேரையும் ஆள் பேரையும் பென்சிலால் எழுதித்தான் அனுப்புவார்.

தாளை எடுத்தேன்.

"படிங்க சகாவே. கோஷம் போட்டுப் பழகின தொண்டைதானே? எல்லாரும் கேக்கட்டும். இந்தக் கமிட்டியே சாட்சி. அந்த வீட்டுக்காரன் இனிமே ஊர்ல தலை நிமிந்து நடக்கக் கூடாது."

"படிக்காதீங்க..." அதுவரை அழாத ரிஜிஷா அப்போது அழுதாள்.

"படிங்கய்யா!"

குழம்புக் கறையைக் கட்டைவிரலால் துடைத்தேன். எழுந்து நின்று, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி படித்தேன்:

"தெக்கேடத்து வீடு. பாஸ்கரக் குறுப்பு."