பால்சுறாவுக்குப் பதில்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அந்தத் தீவில் பால்சுறாப் புட்டுதான் கொடுப்பார்கள். ரெஜினாளுக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் புருஷன் மிக்கேல் சுறாவுக்காகத்தான் வலை விடுகிறான். வலையை இழுக்கும்போது அதன் அடிக்கயிறு முன்பெல்லாம் கைக்குச் சில்லென்றிருக்கும். இந்த வருஷம் வெதுவெதுவென்று வருகிறது. அடித்தண்ணீரே சூடேறிவிட்டால் சுறா கரைப்பக்கம் அண்டாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுக்கொண்டிருந்தான். வருவதெல்லாம் தடித்த உதடும் மஞ்சள் வாலுமாக, தீவில் ஒருவருக்கும் பெயர் தெரியாத ஒரு மீன்தான். எல்லோரும் அதைக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். இன்று அவன் எறியவில்லை.

அவனே குழம்பு வைத்து, முதலில் அவனே தின்றான்.

“என்ன மீனு இது?” என்றாள் ரெஜினாள்.

“யாருக்குத் தெரியும். கடல்ல தண்ணி வத்துற வரைக்கும் பொறு. எனக்கு ஒண்ணும் செய்யலேன்னா நீ தின்னு.”

பிள்ளை மறுபடியும் மார்பில் முட்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் வீறிட்டது. ரெஜினாள் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இனிமே இதுதானே வரப்போகுது. முள்ளெடுத்துக் குடுங்க.”

மிக்கேல் ஒரு துண்டை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டே மீன் ஆயும் கை அது. ஆனால் இந்த மீனுக்கு முள் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று விரல்களுக்குப் பிடிபடவில்லை. தட்டை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, மீன் பழகாத ஊர்க்காரனைப் போல, சதையை நார் நாராகப் பிய்த்துத் தேடத் தொடங்கினான்.