எண் சொல்லாத மாதம்

தினமும் காலையில் நறுமுகை பல் துலக்கும்போதே அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த, உடலைக் கணித்துச் சொல்லும் பட்டை பேசிவிடும். "இந்த மாதம் கருத்தரிக்கும் வாய்ப்பு, நூற்றுக்கு மூன்று."

அவளிடமும் குறையில்லை, கணவன் எழிலனிடமும் குறையில்லை. காரணம் தெரியவில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். பட்டை ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. அதனால் இருவரும் எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

"ஏன் முகை?"

"கல்யாணமான புதுசுல இது ஏது? ரெண்டு நாள் தள்ளிப்போனாலே என்னை பைக்ல ஏத்த மாட்ட. பஸ் குலுங்கினா டிரைவர்கிட்ட சண்டைக்குப் போவ."

எழிலன் சிரித்தான். "பொண்ணு பொறந்தா என்ன பேருன்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு சண்டை போட்டோமே. கோவிச்சுக்கிட்டு நீ நடந்தே வீட்டுக்குப் போயிட்ட."

"அந்தச் சண்டைதான்டா வேணும் எனக்கு."

அந்த மாதம் நாள் தள்ளிப்போனது. தண்ணீர்க் குடத்தை அவன் கேட்காமலே வாங்கிக்கொண்டான். அவளும் கொடுத்துவிட்டாள். தூங்கும்போது அவன் கை அவள் வயிற்றின்மேல் கிடந்தது.

ஒரு மத்தியானம் குளியலறையிலிருந்து வந்தவள், கதவோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பட்டை வந்த பிறகு அவள் அழுததே இல்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்ட செய்திக்கு எப்படி அழுவது? எழிலன் அருகில் உட்கார்ந்தான். அவனுக்கும் கண் நிறைந்தது.

"அதை எடுத்து மாட்டிக்கிறியா?"

"வேணாம்," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "அடுத்த மாசமும் பார்ப்போம்."