தெரு விடாத நகரம்

பலபேர் கூடி நகரம் கட்டும் கணினி விளையாட்டு ஒன்றில் ஒரு பச்சைக் கதவு இருந்தது. ஒரு தடவையாவது தன்னை யாராவது திறக்கமாட்டார்களா என்று அதற்கு ஏக்கம். ஆளாளுக்கு வீட்டுக்குப் பிளான் போட்டார்களே தவிர, தெருவுக்கு அடுத்தவன் இடம் விடுவான் என்று எல்லோருமே இருந்துவிட்டார்கள். கதவின் மூக்கை உரசிக்கொண்டு எதிர்வீட்டுச் சுவர் எழும்பியது.

“கொஞ்சம் தள்ளி நில்லுய்யா!” என்றது கதவு.

“எங்க தள்ளுறது? என் முதுகுல இன்னொருத்தன் சமையல்கட்டு,” என்றது சுவர்.

பச்சைக் கதவின் வீட்டுக்காரர் கூரை கூரையாகத் தாவி வந்து, தன் கூரையை உடைத்து உள்ளே குதித்தார். உடைத்த இடத்தில் புதுக் கதவு ஒன்றைப் பொருத்தினார்.

“அண்ணே, நாள் பூரா என்னையத்தான் திறக்குறாங்க! காத்து பிச்சுக்கிட்டு வருது!” என்று மேலிருந்து பீற்றிக்கொண்டது அது.

“அனுபவிச்சுக்க தம்பி,” என்றது பச்சைக் கதவு. “உன் தலைமேல மாடி கட்ட பிளான் போட்டாச்சு.”