பச்சை அம்பு

"இப்பல்லாம் வழி கேட்டா எவனும் வாயைத் திறக்கறதில்ல. போர்டைப் பாருங்கறான்! அப்புறம் வாய் எதுக்கு, கொட்டாவி விடவா?"

பெரியவர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் அசரவில்லை.

"உங்க வீட்டம்மா ஓய்வுப் பூங்காவுக்குப் போயிருக்காங்க, தாத்தா. பச்சை அம்பு போட்ட போர்டைப் பாத்துக்கிட்டே போனா வந்துடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

தினமும் இதே கூத்து. சாப்பாடு முடிந்ததும் மனைவி தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது முகம் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி பளபளக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்து அந்த முகம் அப்படிப் பளபளத்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர், கட்டுப் போட்ட கையோடு சும்மா கிடக்காமல் வாயைக் கொடுத்தான்.

"பெரியவரே, சொன்னா கோவப்படக் கூடாது. நேத்து அங்க அம்மாகூட ஒருத்தர் உக்காந்திருந்தாரு. நல்ல உயரம். தலையில ஒரு நரை இல்ல."

"எவன்டா அவன்?"

"எனக்கென்ன தெரியும்? அவரு என்னமோ சொல்றாரு, அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

"எங்கிட்ட அவ சிரிச்சே நான் பாத்ததில்லடா!"

"நீங்க என்ன சிரிக்கிற மாதிரியா பேசறீங்க?"

பெரியவர் போர்வையை உதறி எறிந்தார்.

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குப் பொழுது விடிந்துவிடும். நல்லவேளை, போர்டில் ஒரு மரமும் அதனடியில் பெஞ்சும் வரைந்திருந்தது. பெஞ்சில் இரண்டு உருவங்கள் வேறு.

"படம் போட்டே மாட்டியிருக்கானுங்க, வெக்கங்கெட்டவனுங்க!"

சுவரைப் பிடித்தபடி போனார். எக்ஸ்ரே அறைக்கு எதிரே அம்பு இடப்பக்கம் திரும்பியது. இதை நம்பலாமா என்று முறைத்துவிட்டுத் திரும்பினார். களைத்தவர்கள் உட்கார வழியெல்லாம் நாற்காலி போட்டு, மேலே நாற்காலிப் படமும் மாட்டியிருந்தார்கள்.

"உக்கார வச்சு நேரத்தைக் கடத்தவா? எங்கிட்டயா!"

ஒன்றிலும் உட்காராமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

கடைசி அம்பு ஒரு கண்ணாடிக் கதவில் போய் நின்றது. வெளியே மரத்தடிப் பெஞ்சில் அவர் மனைவி. பக்கத்தில் அந்த நெட்டையன், முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏய்!"

இருவரும் திரும்பினார்கள். நெட்டையன் வேறு யாருமில்லை, தினமும் காலையில் வந்து பெரியவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகும் உடற்பயிற்சி டாக்டர்.

"பாத்தீங்களா டாக்டர்?" மனைவி துள்ளி எழுந்தாள். "முட்டி ஆபரேஷன் முடிஞ்சதுலேருந்து கட்டிலை விட்டு ஓரடி எடுத்து வைக்கமாட்டேன்னு அடம்பிடிச்ச மனுஷன்! நாம இப்படி உக்காந்தா தானா நடந்து வருவாருன்னு நான் சொன்னேன்ல?"

அவர் விழுந்தால் பிடிக்க, சக்கர நாற்காலியோடு வழி நெடுகப் பின்னாலேயே பூனை நடை நடந்து வந்திருந்த நர்ஸும் டிரைவரும் சிரித்துவிட்டார்கள்.

பெரியவர் டாக்டரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்தார்.

"டாக்டர்னா என்ன, அவனும் ஆம்பளதானே!" என்று முணுமுணுத்து, சக்கர நாற்காலியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, வந்த வழியே தன் காலால் நடந்து போனார்.