கடைசி வரி வரைக்கும்

கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் தாடையை வைத்தான். நெற்றியைப் பட்டையோடு ஒட்டினான்.

விளக்கு வலக்கண்ணுக்குள் நுழைந்தது.

சற்று முன்புதான் சுவரிலிருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று வாசித்திருந்தான். கடைசி வரியைக் கேட்காமலே வாசித்தான். ரயில்வே ஆஸ்பத்திரியின் கண் டாக்டரம்மா தலையைக்கூட ஆட்டினார். எழுத்துத் தேர்வில் எப்போதோ தேறியாயிற்று. இது முடிந்தால் எஞ்சினில் ஏறிவிடலாம், உதவி டிரைவராக.

விளக்கு நகர்ந்தது. நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"லேசர் பண்ணியிருக்கீங்களா தம்பி?"

"ஆமா மேடம்."

பெருமையாகத்தான் சொன்னான். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவன் கண்டானா?

போன ஆடியில் படுக்க வைத்து, இமை மூடாமல் கம்பி மாட்டி, பச்சைப் புள்ளியையே பார் என்றார்கள். முடி பொசுங்கும் வாடை வந்தது. பொசுங்குவது தன் கண் என்று தெரிந்தும் அசையாமல் கிடந்தான். மறுநாள் காலை எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியின் கிளிப் வரைக்கும் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல். அழுகையே வந்துவிட்டது.

கண்ணாடி போட்டவனை எஞ்சினில் ஏற்ற மாட்டார்கள் என்பது அவன் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லேசர் செய்தவனையும் ஏற்ற மாட்டார்கள் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. ஊரில் யோசனை சொல்வதென்னவோ பாதி தெரிந்தவர்கள்தான். அப்பாவோடு தண்டவாளத்தில் வேலை பார்த்த செபஸ்தியான் அப்படித்தான் சொன்னார்.

"பயலை லேசர் அடிச்சிட்டுப் போகச் சொல்லுடே. கண்ணாடிச் சோலியே கிடையாது."

டாக்டரம்மா விளக்கை அணைத்தார்.

"இந்த வேலைக்கு லேசர் பண்ணின கண்ணை எடுக்க மாட்டாங்க தம்பி. கருவிழியில வளையம் அப்படியே தெரியுது."

"எல்லாத்தையும் வாசிச்சேனே மேடம்."

"வாசிச்சீங்க."

அவர் எழுதத் தொடங்கினார்.

கண்ணாடி என்றால் கழற்றிவிடலாம். இதை எப்படிக் கழற்றுவது?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவனுக்குக் கண் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

வெளியே நீளமான வராந்தா. கடைசி பெஞ்சில் அப்பா.

முன்பென்றால் பக்கத்தில் போகும்வரை அவர் ஒரு வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான். இப்போது வாசலில் நின்றபடியே எல்லாம் தெரிந்தது. காலையில் சவரம் செய்த தாடை. நெற்றியில் திருநீறு. எதையோ வேண்டி முணுமுணுக்கும் உதடு.

வேலை பார்த்த காலமெல்லாம் தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி நின்று பச்சைக் கொடி காட்டியவர். மேலே எஞ்சினிலிருந்து பதிலுக்கு ஒரு கை அசையும். அந்தக் கை ஒருநாள் மகனுடையதாக இருக்க வேண்டும். அதைத் தவிர அவர் எவரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. "மொதல்ல அவன் கண்ணு. எனக்குப் பொறவு பாத்துக்கிடலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

நடையை வைத்து மகன்தான் என்று தெரிந்து எழுந்து நின்றார். அவன் முகம் அவருக்குத் தெரியவில்லை. அதனால் சிரித்தார்.

அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. இத்தனை தெளிவாக யார் கேட்டது இந்தப் பார்வையை?

நடந்தான். வராந்தா முடிந்துபோயிற்று.

"ஏல, எல்லாத்தையும் வாசிச்சிட்டியா?"



"கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன்ப்பா."

அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"ஒங்க அம்மைக்குப் போட்டுக் குடு. எனக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்கு."

போட்டான்.

முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.