காறை எலும்பு

கறுப்பு மட்டையில் பஞ்சுக் குச்சிகளை ஒட்டிச் செய்த எலும்புக்கூட்டை நிஷ்மியா டீச்சர் தூக்கிக் காட்டியதும், பயப்படுவதற்குப் பதிலாகப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"டீச்சர், நாக்குக்குள்ள எலும்பு ஈக்கா?" என்று கேட்டான் ஹுஸ்னி.

"இல்ல மகன். அதனாலதான் ஒங்கட நாக்கு ஒரு எடத்தில நிக்கிறதில்ல."

சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த தாய்மார் சிரித்தார்கள். பஸ்லாவும் சிரித்தாள், மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாகவே.

அவள் முந்தாநாள்தான் குவைத்திலிருந்து வந்திருந்தாள். தத்தித் தத்தி நடந்த வயதில் விட்டுப்போன மகள் ஜெஸ்லா, இப்போது இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சப்பாத்துமாக முன்வரிசையில் இருந்தாள். அந்தப் பின்னலைப் பின்னிவிட்டது வாப்பா முஸம்மில். பஸ்லா சீப்பை எடுத்தபோது பிள்ளை தலையைக் கொடுக்கவில்லை.

கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள். சொக்லட்டையும் வாங்கிக்கொண்டாள். மடிக்கு மட்டும் வரவில்லை. இரண்டு இரவும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, விசும்பியபடியே தூங்கிப்போனாள்.

"கொஞ்ச நாள் போனா சரியாகும்," என்று முஸம்மில் சொன்னான். சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாய்மாரும் வகுப்புக்கு வரலாம் என்று டீச்சர் சொல்லியனுப்பிய நாள் இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஜெஸ்லா ஒரு தடவை தன்னிடம் ஓடி வந்துவிட்டால் போதும் என்று எண்ணிக்கொண்டுதான் பஸ்லா வந்து உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்திலிருந்த ஸுபைதா அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க பஸ்லா. நிஷ்மியா பெத்த உம்மா மாதிரித்தான் பாத்துக்கிட்டா."

அது பஸ்லாவுக்குத் தெரியாதா என்ன? ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இரண்டு பேரும். புருஷன் விட்டுப்போனதிலிருந்து தனியாக இருந்த நிஷ்மியாவின் கையில் பிள்ளையின் கையை வைத்து, "இனி இது ஒன்ட புள்ள" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவளே அவள்தான்.

முஸம்மில் கராம்பு வாங்க இரத்தோட்டைப் பக்கம் போகிற நாட்களில் ஜெஸ்லா டீச்சர் வீட்டில் தங்குவாள். வீடியோ அழைப்பில் பிள்ளைக்குப் பின்னால் அந்த வீட்டின் நீலச் சுவர் தெரிந்தால் பஸ்லாவுக்கு மனம் ஆறிவிடும். டீச்சர் இன்றைக்குப் போட்டிருக்கும் ஊதா ஷோல்கூட அவள் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பியதுதான்.

"இப்ப ஒரு வெளாட்டு," என்றாள் நிஷ்மியா. "நான் எலும்புட பேரச் சொல்லுவன். ஓடிப்போய் ஒங்கட உம்மாட எலும்பத் தொடணும். முழங்கால் சில்லு!"

பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் பாய்ந்தார்கள்.

ஜெஸ்லா கடைசியாக எழும்பினாள். பஸ்லாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வந்து, முழங்காலை ஒரே ஒரு விரலால் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள்.

விரல் நுனிதான். ஆனாலும் குவைத்தில் அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தாலாட்டித் தூங்கவைத்த அத்தனை காலத்துக்கும் அந்த விரல் நுனி கணக்குத் தீர்த்துவிட்டது போலிருந்தது பஸ்லாவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காறை எலும்பு!" டீச்சர் தன் கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "ரெண்டு ஈக்கு. இங்க ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு."

பிள்ளை தேடிக் கஷ்டப்படக்கூடாது என்று பஸ்லா ஷோலைக் கொஞ்சம் விலக்கி, குனிந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காத்திருந்தாள்.

ஜெஸ்லா பாதி தூரம் வந்தாள். நின்றாள்.

அப்படியே திரும்பி டீச்சரிடம் போனாள்.

"இங்க இல்ல தங்கம். உம்மாட்டப் போங்க." நாற்காலியில் இருந்தபடியே நிஷ்மியா அவளைத் திருப்பிவிடப் பார்த்தாள்.

"வுடு நிஷ்மியா, புள்ளக்கிக் கூச்சம்," என்று பஸ்லாவே சிரித்துச் சமாளித்தாள்.

கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. ஜெஸ்லா டீச்சரின் மடியில் ஏறி, ஊதா ஷோலைத் தன் வீட்டுத் திரைச்சீலையைப் போல ஒதுக்கி, வலது பக்கம் கன்னத்தை வைத்துக் காட்டினாள்.

"இது என்ட எலும்பு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "படுக்கக்குள்ள அந்தப் பக்கத்தது வாப்பாட."

நிஷ்மியா பிள்ளையை இறக்கிவிடவில்லை. அவளையறியாமலே அவளுடைய கை ஜெஸ்லாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

பஸ்லா முதலில் பார்த்தது நிஷ்மியாவை அல்ல. தன்னோடு சேர்ந்து திடுக்கிட யாராவது இருப்பார்கள் என்று, பக்கத்திலிருந்த தாய்மாரைத்தான் பார்த்தாள்.

ஸுபைதா குனிந்து, தன் மகளின் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுகக் கட்டித்தான் இருந்தது. இன்னொருத்தி பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவள் கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"டீச்சர், அடுத்த எலும்பு என்ன?" என்று கேட்டான் ஹுஸ்னி.

பஸ்லா விலக்கி வைத்திருந்த ஷோலை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

'புள்ள என்ன சொல்றா?' என்று அந்த அறையில் ஒருத்திகூடக் கேட்கவில்லை.